சக் வாங்குமுன் மூக்கை அளந்து எழுதுவோம்

(தோட்டத் தொழிற்சாலைகளின் வேலைத்தலத் தொழிலாளர்களுக்காக நமது சங்கம் நடத்திய ஒருநாள் வகுப்பில், ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் ஆற்றிய உரை. வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், வீடு, காணி என்று பேசுவதுதான் வழக்கம். இன்று என்னை லேத் மெஷினைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிற அக்காமார் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். லேத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் நினைக்கலாம். ரோலரில் ஒரு புஷ் தேய்ந்து ரோலர் நின்றுவிட்டால், வாடிய கொழுந்து கிடந்து கெடும். நாளைக்கு மலையில் பறிக்கிற கொழுந்தைப் போட இடம் இருக்காது. அந்தப் புஷ்ஷை இரவோடு இரவாகக் கடைந்து கொடுக்கிற மெஷின்தான் லேத். அது நின்றால் அதன் பாரம் கடைசியில் செக்ரோலில்தான் வந்து விழும்.

லேத்தில் இரும்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற பாகத்துக்குச் சக் என்று பெயர். அதன் தாடைகள் தேயும். உள்ளே இருக்கிற சுருள் தட்டு உடையும். அப்போது புதுச் சக் வாங்க வேண்டும். வாங்கும்போது நடக்கிற ஒரு பிழையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தப் பிழையால் ஒரு நல்ல மனிதர் தண்டனை பெற்றதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் அப்போது வேலைத்தலத்தில் உதவியாள். எங்கள் பெரிய ஃபிட்டர் அண்ணன் எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர். ஆனால் மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பெயரிங் போய்விட்டது என்று சொல்லுவார். எங்கள் சக் உடைந்தபோது அவர் ஒபீசுக்குப் போய், “கேம்லொக் 5ஆம் நம்பர், 8 அங்குலம், மூன்று தாடை” என்று வாயால் சொன்னார். கிளாக்கர் ஐயா தொலைபேசியில் கொழும்புக்குச் சொன்னது, “5ஆம் நம்பர், 8 அங்குலம், மூன்று தாடை.” கேம்லொக் என்ற ஒரு சொல் நடுவில் விழுந்துவிட்டது.

மூன்று கிழமை கழித்துப் பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் 5ஆம் நம்பர் சக்தான். ஆனால் கேம்லொக் இல்லை. பின்னால் நட்டுப் போட்டு இறுக்குகிற வேறொரு ஜாதி. தூக்கி வைத்துப் பார்த்தோம். டேப்பர் அச்சடித்தாற்போல் உட்கார்ந்தது. பிடித்து இறுக்கத்தான் வழியில்லை. மேலிடத்தில் இருந்து ஒருவர் வந்து பார்த்தார். “உட்காருகிறதே, அப்புறம் என்ன? துளை போட்டு போல்ட் அடித்து ஓட்டு” என்றார். அண்ணன் மறுத்தார். “ஐயா, இது கழன்றால் முன்னால் நிற்கிறவன் தலை போய்விடும். நான் போடமாட்டேன்” என்றார்.

உத்தரவை மதிக்கவில்லை, பிழையான விபரம் கொடுத்துத் தோட்டத்துக்கு நட்டம் வைத்தார் என்று இரண்டு குற்றம் சாட்டினார்கள். விசாரணையில் கேட்ட முதல் கேள்வி, “எழுத்தில் கொடுத்தாயா?” கொடுக்கவில்லை. சங்கம் பேசியதால் வேலை தப்பியது. ஆனால் பெரிய ஃபிட்டர் பதவி போய், அவரைக் கவ்வாத்து மலைக்கு அனுப்பினார்கள். அவர் சொன்னது சரி, செய்தது சரி. கையில் ஒரு கடதாசித் துண்டு இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கடதாசியில் என்ன எழுத வேண்டும் என்பதை இன்று எல்லோரும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். சக்கின் அளவு வேறு, அது மாட்டப்படுகிற இடத்தின் அளவு வேறு. 8 அங்குலம் என்பது சக்கின் குறுக்களவு மட்டும்தான். லேத்தின் தலையில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்பிண்டிலின் நுனியை நாங்கள் மூக்கு என்போம். சக் அந்த மூக்கில்தான் மாட்டுகிறது. ஒரே 8 அங்குலச் சக்கை ஐந்தாறு விதமான மூக்குகளுக்குச் செய்கிறார்கள். லேத்தின் பெயரை மட்டும் சொன்னாலும் போதாது. ஒரே கம்பனி ஒரே மொடலை வேறு வேறு காலத்தில் வேறு வேறு மூக்கோடு செய்திருக்கும். ஆகவே பழைய சக்கைக் கழற்றி, மூக்கைத் துடைத்து, கண்ணால் பார்க்க வேண்டும்.

பார்த்தால் கீழே சொல்கிற ஜாதிகளில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

முதலாவது, புரி மூக்கு. மூக்கின் மேல் புரி வெட்டியிருக்கும்; சக்கைச் சுற்றி ஏற்ற வேண்டும். பழைய லேத்துகளிலும் சிறிய லேத்துகளிலும் இதுதான் அதிகம். மைஃபோர்ட் 7 வரிசை லேத்துகளில் 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 12 புரி. சவுத் பெண்ட் 9 அங்குல லேத்திலும் பொக்ஸ்ஃபோர்ட் லேத்திலும் 1½ அங்குலம், 8 புரி.

இரண்டாவது, நீண்ட டேப்பர் மூக்கு. நீளமான கூம்பு, அதில் ஒரு சாவிக்கட்டை, பின்னால் உள்புரி வெட்டிய ஒரு பெரிய வளையம். சக்கின் பின்புறம் வெளிப்புரி இருக்கும். கொக்கி ஸ்பேனரால் வளையத்தைத் திருப்பினால் சக் இழுபட்டு இறுகும். இவற்றுக்கு எல் 00, எல் 0, எல் 1 என்று பெயர். கூம்பின் பெரிய பக்கம் எல் 00இல் 2¾ அங்குலம், எல் 0இல் 3¼ அங்குலம், எல் 1இல் 4⅛ அங்குலம்.

மூன்றாவது, கேம்லொக். குட்டையான டேப்பர், அதைச் சுற்றி ஒரு தட்டையான முகம், முகத்தில் 3 அல்லது 6 துளை. சக்கின் பின்னால் அதே எண்ணிக்கையில் பிறைபோல் வெட்டிய ஊசிகள் இருக்கும். ஸ்பிண்டிலின் பக்கவாட்டில் சதுரத் துளைகளில் சாவியைப் போட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கிற கேம் ஊசியைக் கவ்வி இழுக்கும். இதை டி1 என்று எழுதுவார்கள்.

நான்காவது, பயனெட். குட்டை டேப்பர் அதேதான். ஆனால் சக்கின் பின்னால் நட்டோடு கூடிய 3 அல்லது 4 ஸ்டட் இருக்கும். ஸ்பிண்டிலின் பின்பக்கம் ஒரு வளையம் சற்றே சுழன்று நட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நட்டை இறுக்க வேண்டும். எங்கள் அண்ணனை மலைக்கு அனுப்பிய சக் இந்த ஜாதிதான்.

ஐந்தாவது, ஏ ஜாதி. இதிலும் குட்டை டேப்பர். சக்கின் முன்பக்கத்தில் இருந்தே போல்ட்டை நுழைத்து மூக்கில் இறுக்குவார்கள்.

ஆறாவது, டேப்பரே இல்லாத தட்டை மூக்கு. நேரான ஒரு மேடு, அதைச் சுற்றி போல்ட் துளை. சில சிறிய லேத்துகளில் பார்க்கலாம்.

இப்போது கவனியுங்கள். கேம்லொக், பயனெட், ஏ ஜாதி மூன்றிலும் ஒரே நம்பருக்கு ஒரே டேப்பர்தான். 5ஆம் நம்பர் என்றால் மூன்றிலும் டேப்பரின் பெரிய பக்கம் 82.6 மில்லிமீட்டர். அதனால்தான் பிழையான சக் சரியானதுபோல் உட்கார்ந்து ஆளை ஏமாற்றுகிறது. நம்பரோடு ஜாதியையும் எழுதியே ஆக வேண்டும்.

கேம்லொக்குக்கு அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். டேப்பரை அதன் பெரிய பக்கத்தில், முகத்தை ஒட்டி அளக்க வேண்டும். அடுத்தது ஊசித் துளைகளின் மையங்கள் வழியாகப் போகிற வட்டத்தின் குறுக்களவு.

3ஆம் நம்பர்: 3 ஊசி, டேப்பர் 54 மில்லிமீட்டர், ஊசி வட்டம் 70.6.
4ஆம் நம்பர்: 3 ஊசி, டேப்பர் 63.5, ஊசி வட்டம் 82.6.
5ஆம் நம்பர்: 6 ஊசி, டேப்பர் 82.6, ஊசி வட்டம் 104.8.
6ஆம் நம்பர்: 6 ஊசி, டேப்பர் 106.4, ஊசி வட்டம் 133.4.
8ஆம் நம்பர்: 6 ஊசி, டேப்பர் 139.7, ஊசி வட்டம் 171.4.

82.6 என்ற எண் இரண்டு இடத்தில் வருகிறது பாருங்கள். 4ஆம் நம்பரில் அது ஊசி வட்டம், 5ஆம் நம்பரில் அது டேப்பர். எண்ணை மட்டும் எழுதி, எதை அளந்தோம் என்று எழுதாவிட்டால் மறுபடியும் பிழையான பெட்டிதான் வரும். ஊசியை எண்ணினாலே பாதிச் சந்தேகம் தீரும்.

6 துளை இருந்தால் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் வட்டம் கிடைக்கும். 3 துளைக்கு எதிர்த்துளை கிடையாது. பக்கத்துத் துளைகள் இரண்டின் மையத்துக்கு மையம் அளந்து, அதை 1.155 ஆல் பெருக்குங்கள். 71.5 மில்லிமீட்டர் வந்தால் பெருக்கிப் பாருங்கள், 82.6 வரும். அது 4ஆம் நம்பர்.

புரி மூக்கு என்றால் ஐந்து அளவு வேண்டும். புரியின் வெளிக் குறுக்களவு ஒன்று. ஓர் அங்குலத்தில் எத்தனை புரி என்பது இரண்டு. புரிமானி இல்லாவிட்டால் அடிமட்டத்தை வைத்து எண்ணலாம், மில்லிமீட்டர்ப் புரியாக இருந்தால் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரத்தை எழுதுங்கள். புரியின் கோணம் மூன்று: விட்வேர்த் புரி 55 பாகை, அமெரிக்கப் புரியும் மில்லிமீட்டர்ப் புரியும் 60 பாகை. 1½ அங்குலம் 8 புரியை இரண்டு கோணத்திலும் வெட்டலாம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். புரிக்குப் பின்னால் உள்ள புரியில்லாத வழவழப்பான கழுத்தின் குறுக்களவு நான்கு. தோளில் இருந்து நுனிவரை நீளம் ஐந்து. சக்கை நேராக நிறுத்துவது அந்தக் கழுத்தும் தோளும்தான். புரி இழுத்துப் பிடிக்க மட்டுமே. கழுத்தை அளக்காமல் வாங்கினால் சக் ஏறும், ஆனால் ஆடும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிண்டிலின் உள் ஓட்டையில் ஒரு டேப்பர் இருக்கும். அதற்கு மோர்ஸ் டேப்பர் என்று பெயர். அது சென்டர் பொருத்துவதற்கு, சக்குக்கு அல்ல. மோர்ஸ் 4, மோர்ஸ் 5 என்று எழுதிச் சக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேராக மாட்டுகிற சக் கிடைக்காவிட்டால் வழியிருக்கிறது. பின்புறம் தட்டையான சக்கை வாங்கி, நடுவில் ஒரு பின்தட்டுப் போடலாம். பின்தட்டின் ஒரு பக்கம் உங்கள் மூக்குக்குப் பொருந்த வேண்டும். மறுபக்கத்தை உங்கள் சொந்த லேத்தில், அதே மூக்கில் மாட்டியே கடைய வேண்டும். அப்போதுதான் சக் நேராக ஓடும். இதற்குச் சக்கின் பின்புறக் குழியின் குறுக்களவும் ஆழமும், போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்டமும் தேவை.

ஆக, கடதாசியில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: லேத்தின் பெயரும் மொடலும் தொடர் இலக்கமும்; மூக்கின் ஜாதி; நம்பர்; நீங்கள் அளந்த அளவுகள், எதை அளந்தது என்ற பெயரோடு; ஊசி அல்லது துளையின் எண்ணிக்கை; சக்கின் குறுக்களவும் தாடை எண்ணிக்கையும்; லேத்தின் அதிகூடிய சுற்று வேகம். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து மூக்கையும் பழைய சக்கின் பின்புறத்தையும் படம் எடுங்கள். கடதாசியை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை ஒபீசில் கொடுங்கள். மற்றதில் வாங்கியவரின் கையொப்பமும் திகதியும் எடுத்து உங்களிடம் வையுங்கள். எழுதத் தெரியாத மூத்தவர் அளந்தால், பக்கத்தில் இருக்கிற தம்பி எழுதிக்கொடுக்க வேண்டும். அது அவருக்குச் செய்கிற பெரிய உதவி.

சக் வந்த பிறகும் வேலை இருக்கிறது. பெட்டியைத் திறந்தவுடன் மாட்டாதீர்கள். கடதாசியில் உள்ள அளவோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சக்கில் பொறித்திருக்கிற அதிகூடிய வேகத்தைப் பாருங்கள். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. டேப்பரையும் முகத்தையும் துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சிறு இரும்புத்தூள் இருந்தாலும் சக் கோணலாக உட்காரும். லேத் கட்டிலின் மேல் பலகை போட்டே சக்கை ஏற்ற வேண்டும். பாரமான சக்கை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது.

கேம்லொக்கை இறுக்கும்போது சாவியைக் கடிகார முள் போகிற பக்கம் திருப்புங்கள். கேமில் உள்ள கோடு 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் நின்று இறுக வேண்டும். 6 மணியைத் தாண்டினால் அந்த ஊசி நீளம். ஒரு சுற்று உள்ளே திருகுங்கள். 3 மணிக்கு முன்னரே நின்றால் ஒரு சுற்று வெளியே எடுங்கள். புரிச் சக் என்றால் கையால்தான் ஏற்ற வேண்டும், மோட்டரைப் போட்டு ஏற்றக் கூடாது. பின்பக்கமாகச் சுற்ற விட்டு வெட்டினால் அது கழன்று வரும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போடுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பொருந்தாத சக்கைப் போடச் சொன்னால் என்ன செய்வது? சண்டை பிடிக்க வேண்டாம். “இது இன்ன அளவில் பொருந்தவில்லை, ஓட்டினால் ஆபத்து” என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள். அன்றே தோட்டத் தலைவரிடமும் சொல்லுங்கள். தேயிலைத் தொழிற்சாலையும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிற இடம்தான். தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரிடம் சங்கத்தின் மூலம் முறையிடலாம். காயம் பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் போன விரலை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. அதனால்தான் முதலிலேயே எழுதச் சொல்கிறேன்.

அண்ணன் மலைக்குப் போய்ப் பல வருடம் கழித்து, அதே லேத்துக்கு மறுபடி சக் வாங்க வேண்டி வந்தது. இந்தமுறை நான்தான் ஃபிட்டர். மூக்கை அளந்து, இரண்டு பிரதி எழுதி, கையொப்பம் வாங்கி வைத்தேன். வந்த சக் ஏ ஜாதி. மறுபடியும் பிழை. அதே கேள்வியும் வந்தது: “யார் பிழையான விபரம் கொடுத்தது?” என் பிரதியை மேசையில் வைத்தேன். கேம்லொக், 5, 6 ஊசி என்று தெளிவாக இருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. விற்றவர் சக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு சரியானதை அனுப்பினார். அன்று சாயந்தரம் அண்ணனின் லயத்துக்குப் போய் அந்தக் கடதாசியைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. “அன்றைக்கு நீ கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்திருக்கலாம்டா தம்பி” என்றார்.

தம்பிமாரே, தங்கைமாரே, இன்று உங்களில் பலர் படித்திருக்கிறீர்கள். வேலைத்தலத்தில் வருடக்கணக்காக வேலை செய்தும் கையில் சான்றிதழ் இல்லாதவர்கள் இங்கே இருக்கிறீர்கள். செய்து கற்ற தொழிலைப் பரீட்சித்து தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தருகிற முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். நைட்டா என்று சொல்கிற தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். நீங்கள் அளந்து எழுதிய இந்தக் கடதாசிகளையும் சேர்த்து வையுங்கள். உங்களுக்குத் தொழில் தெரியும் என்பதை அவையும் காட்டும்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். சக் உடையும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்தமுறை சக்கைக் கழற்றும்போது மூக்கை அளந்து, கொப்பியில் எழுதி, ஒரு பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.